புதுக்கோட்டை தந்த முத்து



புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. இலுப்பை மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். அந்த வட்டாரத்துப் பள்ளிகளில்தான் நான் பல ஆண்டுகள் ஆசிரியராக வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் ஒரு மாணவி வகுப்பில் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்று ஏழாம் வகுப்பில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர் அவர் என்றேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். கோயில் சாமியுடையது, சட்டம் அரசாங்கத்துடையது, சாமி காரியத்தில் அரசாங்கம் எப்படித் தலையிடலாம் என்று கேட்டாள். இன்றைக்கு இதில் தலையிட்டால் நாளைக்குக் கோயிலுக்கே போகக் கூடாது என்று சொல்லிவிட மாட்டார்களா என்றும் கேட்டாள்.

வகுப்பே அமைதியாகிவிட்டது. சட்டென்று எனக்கும் பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் அம்மா என்று உட்காரச் சொன்னேன். மறுநாள் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால்தான் இன்று உங்களுக்கு அந்த அம்மையாரின் கதையை நிதானமாகச் சொல்லப் போகிறேன். என் மாணவியின் கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. கேட்கத் தயாரா?

அம்மன் காசு புழங்கிய நாடு

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை ஒரு மாவட்டம் அல்ல. ஆங்கிலேயரின் மேற்பார்வையில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். இலுப்பூர், விராலிமலை, திருமயம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அந்த மன்னர்கள் திருக்கோகர்ணம் கோயிலில் உள்ள பிரகதாம்பாள் அம்மனுக்குத் தாங்கள் அடிமை என்று சொல்லிக்கொண்டார்கள். பிரகதாம்பாதாஸ் என்பது அவர்களுடைய பட்டம். தாஸ் என்றால் அடிமை, தொண்டன் என்று பொருள். அங்கே புழங்கிய சிறிய செப்புக் காசில்கூட அம்மன் உருவம்தான் இருக்கும். அதற்கு அம்மன் காசு என்றே பெயர். நவராத்திரி வந்தால் அரிசியோடு அந்தக் காசையும் மக்களுக்குக் கொடுப்பார்கள்.

அம்மனின் பெயரால் நடந்த ஆட்சியாக இருந்தாலும் அங்கே மற்ற மதத்தினரும் வாழ்ந்தார்கள். புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் இடையே சாலையோரத்தில் காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது. விராலிமலைப் பக்கம் ஆவூரில் பழைமையான மாதா கோயில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் எல்லா மதத்துக்காரர்களும் போய் வருவதை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. மன்னராட்சியில் எல்லாம் மன்னரின் மனத்தைப் பொறுத்தது. அவர் நல்லவராக இருந்தால் நல்லது நடக்கும். இல்லையென்றால் கேட்க ஆளில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தடை தாண்டிய சிறுமி

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள். இசைக்கும் நடனத்துக்கும் பேர் பெற்ற இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். சாதி மாறி நடந்த திருமணம் என்பதால் தந்தையின் உறவினர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். முத்துலட்சுமிக்கும் அதுதான் நடந்தது. ஆனால் தந்தை விடவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். முத்துலட்சுமி வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார்.

அடுத்து கல்லூரி. மன்னர் கல்லூரி ஆண்கள் படிக்கும் இடம். ஒரு பெண்ணா, அதுவும் எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவருடைய தாயின் குலத்தைச் சொல்லியும் சிலர் முகம் சுளித்தார்கள். அப்போது ஆண்ட மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். முத்துலட்சுமி அந்தக் கல்லூரியின் முதல் மாணவி ஆனார்.

பார்த்தீர்களா? மன்னருக்கு நல்ல மனம். கதவு திறந்தது. அவர் மறுத்திருந்தால்? முத்துலட்சுமியின் படிப்பு அங்கேயே நின்றிருக்கும்!

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் டாக்டர் ஆனார். ஒரு பெண் டாக்டராவது அப்போது ஊரே வியந்து பேசிய சங்கதி. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். கணவரும் கடைசி வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

பொட்டுக்கட்டுதல் என்றால் என்ன?

இனி, என் மாணவி கேட்ட விஷயத்துக்கு வருவோம்.

முன்பு பல கோயில்களில் சிறுமிகளைச் சாமிக்கு என்று நேர்ந்து விடும் வழக்கம் இருந்தது. சாமியின் பெயரால் அந்தச் சிறுமியின் கழுத்தில் ஒரு பொட்டைக் கட்டுவார்கள். அதற்குத்தான் பொட்டுக்கட்டுதல் என்று பெயர். தேவதாசி என்று அவளை அழைப்பார்கள். தேவனுக்குத் தொண்டு செய்பவள் என்று அர்த்தம்.

அவர்கள் கோயிலில் பாடினார்கள், ஆடினார்கள், விளக்கேந்தினார்கள். இன்று நாம் பரதநாட்டியம் என்று சொல்லும் கலையைச் சதிர் என்ற பெயரில் நூற்றாண்டுகளாகக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். கோயில்கள் அவர்களுக்கு மானியமாக நிலம் கொடுத்தன. மற்றப் பெண்களுக்கு எழுத்து வாசனையே இல்லாத காலத்தில் இவர்கள் படித்தார்கள். சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் இவர்களுக்கு இருந்தது.

அப்படியானால் என்ன குறை என்று கேட்கிறீர்களா? பொட்டுக்கட்டிய பெண் மற்றவர்களைப் போலத் திருமணம் செய்துகொள்ள முடியாது. பணக்காரர்கள் சிலர் அந்தப் பெண்களைத் தவறாகப் பயன்படுத்தினார்கள். ஊர் அந்தப் பணக்காரரை மதித்தது. அந்தப் பெண்ணையும் அவள் பெற்ற பிள்ளைகளையும் இழிவாகப் பேசியது. காலம் போகப் போக இந்த இழிவுதான் பெருகியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொட்டுக்கட்டும்போது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதோ ஏழு வயதோ இருக்கும். உனக்கு இது சம்மதமா என்று யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் அந்த வயதில் அவளுக்கு என்ன தெரியும்? உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

முத்துலட்சுமிக்கு இது எங்கோ நடக்கும் செய்தி அல்ல. தன் தாய் பிறந்த குலத்தின் கதை. அதனால்தான் அவர் நெஞ்சில் அது முள்ளாகக் குத்தியது.

சட்டமன்றத்தில் ஒரு பெண்

1927-இல் முத்துலட்சுமி சென்னை மாகாணத்தின் சட்ட மேலவையில் உறுப்பினர் ஆனார். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் உறுப்பினராக நுழைந்த முதல் பெண் அவர்தான். உறுப்பினர்கள் அவரையே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

அது இன்றைய சட்டமன்றம் போன்றது அல்ல. சொத்தும் வரியும் உள்ள கொஞ்சம் பேருக்கு மட்டுமே ஓட்டு இருந்தது. சில உறுப்பினர்களை அரசாங்கமே நியமித்தது. முத்துலட்சுமியும் நியமிக்கப்பட்டவர்தான். ஆனாலும் அங்கே ஒரு புதிய பழக்கம் வேர் பிடித்திருந்தது. ஒருவர் ஒன்றைச் சொல்வார், இன்னொருவர் எழுந்து மறுப்பார், எல்லாரும் கேட்பார்கள், பிறகு முடிவு செய்வார்கள். ஜனநாயகத்தின் நாற்றங்கால் என்று அதைச் சொல்லலாம்.

அதே ஆண்டில் முத்துலட்சுமி பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது விருப்பம் தெரிவிப்பது மட்டுமே. சட்டம் ஆனால்தான் அதற்குப் பலம். சட்டம் என்றதும் எதிர்ப்பும் பலமானது!

இன்னொரு புதுக்கோட்டைக்காரர்

எதிர்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தீரர் சத்தியமூர்த்தி! சிறந்த சுதந்திரப் போராட்ட வீரர். பின்னாளில் சென்னையின் மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடித்தளம் போட்டவர். அவரும் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்காரர்தான். 1887-இல் திருமயத்தில் பிறந்தவர். முத்துலட்சுமியைவிட ஒரு வயது இளையவர். ஒரே மண்ணில் பிறந்த இருவர் ஒரே சபையில் எதிரெதிராக நின்றார்கள்.

எதிர்த்தவர்களின் வாதம் என்ன? இது பரம்பரையாக வந்த சமய வழக்கம். கலைகளைக் காப்பாற்றும் வழக்கம். இன்றைக்கு இதில் கை வைத்தால் நாளைக்குக் கோயிலின் மற்றக் காரியங்களிலும் அரசாங்கம் கை வைக்கும். அதுவும் அன்று இருந்தது அந்நியர் அரசாங்கம் அல்லவா?

குழந்தைகளே, இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஏழாம் வகுப்பு மாணவி கேட்டது கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான்! அவ்வளவு பெரியவர்கள் கேட்ட கேள்வி என்றால் அது எளிதாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல.

தேவதாசிகளிலும் பலர் எதிர்த்தார்கள். சங்கமாகச் சேர்ந்து அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். பெரிய இசைக் கலைஞரான பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். நாங்கள் பக்தர்கள், கலைஞர்கள், சிலர் செய்யும் தவறுக்கு எங்கள் எல்லாரையும் ஏன் இழிவு செய்கிறீர்கள் என்பது அவர்களுடைய வருத்தம். இன்னொரு பக்கம், அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இந்த வழக்கம் ஒழிந்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளின் உயர்கல்விக்கு உதவும் புதுமைப்பெண் திட்டம் அவருடைய பெயரில்தான் இருக்கிறது.

அவர் சொன்ன விடை

முத்துலட்சுமி கடவுளை மறுத்தவர் அல்ல. கோயிலை மூடு என்றோ பூசையை நிறுத்து என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய வாதம் எளிமையானது. ஒரு குழந்தையின் வாழ்க்கையைக் கெடுப்பது உண்மையான சமயம் ஆகாது. அது சமயத்தின் மேல் படிந்துவிட்ட அழுக்கு. அழுக்கைத் துடைத்தால் கோயிலுக்கு ஒரு குறையும் வராது.

இதற்கு ஒரு சான்றும் இருந்தது. மைசூர் சமஸ்தானத்தில் 1909-ஆம் ஆண்டிலேயே கோயில்களில் இந்த வழக்கத்தை நிறுத்தி உத்தரவு போட்டுவிட்டார்கள். அங்கே கோயில்கள் மூடப்படவில்லை. மணி அடித்தது, தேர் ஓடியது, தசரா நடந்தது.

இன்னொன்றையும் அவர் யோசித்தார். கோயில் கொடுத்த மானிய நிலத்தை நம்பித்தான் அந்தப் பெண்கள் வாழ்ந்தார்கள். தொண்டை விட்டால் நிலம் போய்விடும். நிலம் போனால் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? ஆகவே நிலத்துக்கும் கோயில் தொண்டுக்கும் இருந்த முடிச்சை முதலில் அவிழ்த்தார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் முயற்சியால் திருத்தம் வந்தது. தொண்டு செய்யாவிட்டாலும் நிலத்தை அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. சட்டம் போடுகிறவர் எதிரே நிற்பவரின் அடுப்பங்கரையையும் எட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதைத்தான் அவர் செய்தார்.

1930-இல் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா என்றால் சட்டமாகும் முன் சபையில் வைக்கப்படும் வரைவு. அதே ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகளைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் பதவியைத் தூக்கி எறிந்தார். மசோதா அப்படியே நின்றுபோனது.

வாசலில் வந்து நின்ற பெண்கள்

பதவி போனால் வேலை முடிந்துவிடுமா? பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் முத்துலட்சுமியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தங்குவதற்கு விடுதி தேடினார். அன்றைய விடுதிகள் என்ன சாதி என்று கேட்டன. இந்தப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன.

முத்துலட்சுமி தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். 1930-இல் அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். தமிழ் மூதாட்டி அவ்வையாரின் பெயர்! சாதி கேட்காத இல்லம். ஆதரவற்ற சிறுமிகளுக்குச் சோறும் துணியும் படிப்பும் கிடைத்தன. சென்னை அடையாற்றில் அது இன்றும் நடக்கிறது.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்திருந்தார். அந்தத் துயரம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பல ஆண்டுகள் அலைந்து நிதி திரட்டி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது, இன்று நாடறிந்த நிலையமாக வளர்ந்து நிற்கிறது. அங்கே வருகிற நோயாளியிடம் நீ எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. நோய்க்கு மதம் உண்டா என்ன?

சட்டம் பிறந்தது

1930-இல் நின்றுபோன சட்டம் என்ன ஆனது? நடுவில் வேறு சிலரும் முயன்றார்கள். நடக்கவில்லை. கடைசியில் 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஓமந்தூரார் ஆழ்ந்த பக்தி உள்ளவர் என்பதைக் கவனியுங்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் போக வழி செய்யும் ஆலயப் பிரவேசச் சட்டமும் அதே 1947-இல்தான் வந்தது.

1927-இல் தீர்மானம். 1947-இல் சட்டம். இருபது ஆண்டுகள்! மைசூரில் ஒரே உத்தரவில் முடிந்த காரியம் இங்கே ஏன் இவ்வளவு இழுத்தது? இங்கே பேச வேண்டியிருந்தது. எதிர்ப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது. மக்களின் மனம் மாறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜனநாயகம் சில நேரம் மாட்டு வண்டி போல மெதுவாகத்தான் போகும். அந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டினார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அந்தச் சட்டம் வந்த அன்று இலுப்பூரும் விராலிமலையும் மன்னராட்சியில்தான் இருந்தன. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதன்பிறகே எங்கள் பகுதி சென்னை மாகாணத்துச் சட்டங்களின் கீழ் வந்தது.

எல்லாருக்கும் ஒரே முழக்கோல்

1950 ஜனவரி 26 அன்று நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியரசு நாள் என்று கொடியேற்றி மிட்டாய் சாப்பிடுகிறோமே, அந்த நாள்தான்!

அதில் 25-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. என் மாணவியின் கேள்விக்கு அது இரண்டு பகுதியாகப் பதில் சொல்கிறது. முதல் பகுதி: ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த மதத்தைப் பின்பற்றலாம், வழிபடலாம், பரப்பலாம். இரண்டாம் பகுதி: அந்தச் சுதந்திரம் பொது அமைதி, ஒழுக்கம், உடல்நலம், மற்றவர்களின் அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டது. சமூகத்தைச் சீர்திருத்த அரசு சட்டம் இயற்றலாம். ஆகவே நீ கோயிலுக்குப் போகாதே, பள்ளிவாசலுக்குப் போகாதே, சர்ச்சுக்குப் போகாதே என்று எந்த அரசும் உங்களிடம் சொல்ல முடியாது. அதேபோல, மதத்தின் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையின் வாழ்க்கையைப் பறிக்கவும் யாராலும் முடியாது.

இதைத்தான் மதச்சார்பற்ற மக்களாட்சி என்கிறோம். அந்தச் சொல் அரசியலமைப்பின் முகவுரையில் 1976-இல்தான் சேர்ந்தது. ஆனால் அதன் பொருள் 1950-இலேயே உள்ளே இருந்தது. மதச்சார்பற்ற என்றால் மதம் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வீட்டில் சாமி கும்பிடலாம். ஊரில் தேர் இழுக்கலாம். அரசு மட்டும் எந்த மதத்தின் பக்கமும் சாயாமல் எல்லாருக்கும் ஒரே முழக்கோல் பிடித்து அளக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 6 வயது முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்று 2009-இல் சட்டம் வந்தது. அந்தக் குழந்தை எந்த மதம் என்று அது பார்க்கவில்லை. முத்துலட்சுமிக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது ஒரு மன்னரின் கருணை. உங்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்து வைத்திருப்பது உங்கள் உரிமை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை!

விராலிமலை சொல்லும் பாடம்

கதை இங்கே முடிந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொன்றையும் சொன்னால்தான் உண்மை முழுமையாகும்.

இலுப்பூரில் இருந்து கொஞ்ச தூரத்தில் விராலிமலை. மயில்கள் திரியும் முருகன் மலை. அங்கே முத்துக்கண்ணம்மாள் என்று ஒரு சதிர் கலைஞர். ஏழு வயதில் அந்தக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டவர். அங்கே ஆடிய 32 பெண்களில் ஒருவர். வழக்கம் நின்ற பிறகு அவர்களுடைய வருமானமும் நின்றது. ஊரின் மதிப்பும் குறைந்தது. அவர்கள் ஆடிய ஆட்டத்தை மற்றவர்கள் மேடையேறி ஆடிப் பெரும் புகழ் பெற்றார்கள். இவரோ வறுமையில் இருந்தார். ஆனாலும் கலையை விடவில்லை. 2022-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது.

சட்டம் தவறா? இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொட்டுக்கட்டுவது என்றைக்கும் சரியாகாது. ஆனால் வழக்கத்தை நிறுத்தியவர்கள் அந்தப் பெண்களுக்கு மாற்று வாழ்க்கையையும் மதிப்பையும் கொடுத்திருக்க வேண்டும். முத்துலட்சுமி 1929-இலேயே நிலத்தைப் பற்றி யோசித்தார். அவ்வை இல்லத்தையும் உண்டாக்கினார். அந்த அக்கறை எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. நாகரத்தினம்மாள் போன்றவர்கள் அன்று மனுவில் எழுதிய வருத்தத்தை இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் மாணவிக்கு ஒரு பதில்

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 81.

அன்று நான் திணறிய கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். சாமி காரியத்தில் அரசாங்கம் தலையிடலாமா? யாராவது எங்கேயாவது அப்படிச் சொன்னால் நீங்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வழக்கத்தால், வேண்டாம் என்று சொல்ல முடியாத யாராவது துன்பப்படுகிறார்களா? முடிவு எடுக்கும் முன் எல்லாரையும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படுகிறவர்களை, பேச விட்டார்களா? எல்லா மதத்துக்கும் ஒரே முழக்கோலால் அளக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அந்தத் தலையீடு நியாயமானது. ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் என் மாணவியைப் போல எழுந்து நின்று கேள்வி கேளுங்கள். தீரர் சத்தியமூர்த்தியே கேட்டார், நீங்கள் கேட்கக் கூடாதா?

தேர்தல் வந்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்களை வாக்குச்சாவடி வேலைக்கு அனுப்புவார்கள். நானும் பலமுறை போயிருக்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறைதான் வாக்குச்சாவடி. நெற்றியில் திருநீறு பூசிய தாத்தா, தொப்பி போட்ட பாய், கழுத்தில் சிலுவை தொங்கும் அக்கா என்று எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். நான் பட்டியலில் பெயரைப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் விரலில் மை வைப்பார். எல்லா விரலுக்கும் ஒரே மை. ஒருவருக்கு ஓர் ஓட்டு.

அன்று என்னைக் கேள்வி கேட்ட மாணவியும் இப்போது எங்கோ ஒரு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். இந்தக் கட்டுரை அவள் கண்ணில் பட்டால் மகிழ்ச்சி. கொஞ்சம் தாமதமாகிவிட்டது அம்மா, மன்னித்துவிடு.

குழந்தைகளே, உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது நின்றுபோன வழக்கம் ஏதாவது உண்டா? அதை யார் நிறுத்தினார்கள், யார் எதிர்த்தார்கள், நின்றதால் யாருக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்களேன்!